பத்தரை மணி ரயிலுக்கு வெறும் போத்தல்கள்

தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வரட்டும் என்று ஒரு தாய் காத்திருக்கலாமா?

இதைப் படித்ததும் "இவளுக்கு என்ன பிடித்துவிட்டது?" என்று நினைப்பீர்கள். நினையுங்கள். மூன்று கிழமையாக நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. இவரிடம் கேட்டேன். "உமக்கு யோசிக்க வேற விசயமே இல்லையோ?" என்றார். பங்குச் சுவாமியாரிடம் கேட்கலாம் என்று கோயில் வரைக்கும் போய், ஞாயிற்றுக்கிழமைப் பூசை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

புதிதாக இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிலோ என் மகள். ஞானஸ்நானப் பெயர் பிலோமினா, இரண்டு வயது. 'இவர்' என்றால் என் கணவர்; மன்னார்த் தீவில் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு மாஸ்டர். ஊரின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். தீவில் ரயில் நிற்கும் ஊர்கள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணத் தொடங்காதீர்கள்... இந்தக் கதையில் ஊர்த் தலைவரான விதானையார் வருகிறார், இவருடைய உத்தியோகமும் வருகிறது. இரண்டு பேரோடும் நான் இனியும் காலம் தள்ள வேண்டும்.

பிலோவுக்கு முறைக் காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். காலை பத்து மணிக்கு உதடு வெளுக்கும். பத்தேகாலுக்கு உடம்பு கிடுகிடு என்று நடுங்கும். பிறகு கொதிக்கும். பின்நேரம் வேர்த்துவிட்டதும் எழும்பி, ஒன்றுமே நடக்காதது போலக் கோழியைத் துரத்துவாள். அடுத்த நாள் முழுக்கச் சுகம். அதற்கும் அடுத்த நாள் — மறுபடியும் பத்து மணி.

"எங்கட ரெயிலை விட இது நேரத்துக்கு வருது" என்று இவர் ஒரு நாள் சொல்லிவிட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. ஆனால் சொன்னது உண்மைதான்.

எங்கள் ஊருக்கு வைத்தியம் செவ்வாய்க்கிழமை வரும். மன்னாரிலிருந்து காலை ரயிலில், மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா ஒரு பச்சைப் பெட்டியோடு இறங்குவார். பின்நேர ரயிலில் ஏறிவிடுவார். எங்கள் டிஸ்பென்சரி என்பது அவ்வளவுதான். ஓர் அறை, ஒரு மேசை, வருகிறவர்கள் உட்கார ஒரு வாங்கு, ஒரு செவ்வாய்க்கிழமை. மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். எங்கள் ஊர்ப் பெண்களைப் போல, நடுங்குகிற பிள்ளையை ஒரு தோளிலும், பால் குடிக்கிற பிள்ளையை மற்றத் தோளிலும் வைத்துக்கொண்டு, கரைக்கு மீன் வருகிற நேரத்தில் வீட்டை விட்டுவிட்டு... நீங்கள் போய்ப் பாருங்கள்.

டிஸ்பென்சரியில் மருந்து அவருடையது, போத்தல் எங்களுடையது. அது எல்லோருக்கும் தெரிந்த முறை. வெறுங்கையோடு போனால், "மருந்தை என்ன, மடியிலயா ஊத்துறது?" என்று கேட்பார். அதனால் எங்கள் ஊரில் சோற்றுப் பானைக்கு அடுத்த மரியாதை மருந்துப் போத்தலுக்குத்தான். பக்கத்து வீட்டு ரஹீமா ராத்தாவின் போத்தலில் முன்பு பன்னீர் இருந்தது. அந்த வீட்டில் கசப்பு மருந்துகூடக் கல்யாண வாசம் அடிக்கும். விதானையார் வீட்டுப் போத்தலில் முன்பு என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. லேபலை நன்றாகச் சுரண்டியிருக்கிறார்கள்.

மருந்தை ஊற்றியதும் அப்போதிக்கரி ஐயா போத்தலின் முதுகில் ஒரு நீளக் காகிதத் துண்டை ஒட்டுவார். அதைப் பல்லுப் பல்லாக வெட்டியிருப்பார். ஒரு பல் — ஒரு வேளை. எழுத்துத் தெரியாத தாயும் பிழை விடாமல் கொடுக்கலாம். எழுத்துத் தெரிந்த நான்தான் ஒவ்வொரு தடவையும் மூன்று முறை எண்ணிப் பார்ப்பேன்.

எல்லாம் சரி. பெட்டியில் மருந்து இருக்க வேண்டுமே?

இரண்டு செவ்வாய்க்கிழமையாக, முறைக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா இல்லை. "வோட் முடிஞ்சுது, பிள்ளை" என்றார் அப்போதிக்கரி ஐயா. ஒரு வருஷத்து மருந்துக்கு அரசாங்கம் ஒதுக்குகிற பணத்துக்குக் கந்தோர்களில் அப்படித்தான் பெயராம். வருமானம் குறைந்தால் முதலில் அதில்தான் கை வைப்பார்களாம். வருஷம் முடிய இன்னும் மாதங்கள் கிடந்தன. மருந்து முடிந்துவிட்டது. இதையெல்லாம் காய்ச்சலுக்கு யார் போய்ச் சொல்வது? அது வழக்கம் போலப் பத்து மணிக்கு வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம்தான் ஊருக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. கொழும்பில் அரசாங்க சபையில் ஒரு சட்டம் பற்றிப் பேசுகிறார்களாம். வருமானம் ஏறினாலும் இறங்கினாலும், வைத்தியத்துக்கு ஒதுக்குகிற பங்கு ஓர் அளவுக்குக் கீழே போகவே கூடாது என்று சட்டம். எந்த ஊர்களில் டிஸ்பென்சரி நிற்காமல் நடக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் எழுதுகிறார்களாம். அதற்காகச் சபை அங்கத்தவர் ஒருவர் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு வருகிறார். எங்கள் ஊருக்கும் வருகிறார் — அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை!

பட்டியலில் எங்கள் ஊர் ஏற வேண்டும். ஏறினால் பிலோவுக்குக் கொயினா. ஏறாவிட்டால் அந்தச் செவ்வாய்க்கிழமையும் நிச்சயம் இல்லை. நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வருகிறவர் கண்ணில் படும்படி நோயும் வருத்தமுமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் எங்களிடம் குறைவே இல்லையே! இதைக்கூட யாராவது கெடுக்க முடியுமா?

எங்களால் முடிந்தது.

வீட்டுக்கு ஆள் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பாயைச் சுருட்டுவீர்கள். படுத்திருக்கிறவரைப் பின் அறைக்கு அனுப்புவீர்கள். "எல்லாரும் சுகமோ?" என்று கேட்டால், "ஓம், கர்த்தர் புண்ணியத்தில நல்ல சுகம்" என்பீர்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒரு வீடு செய்வதை ஊர் முழுக்கச் சேர்ந்து செய்தோம்.

விதானையார் வீடு வீடாக வந்தார்.

"பெரிய மனிசர் வாறார். ஊர் ஊர் மாதிரி இருக்க வேணும். அண்டைக்கு வருத்தக்காரர் ஒருத்தரும் டிஸ்பென்சரிப் பக்கம் தலைகாட்டக் கூடாது, சொல்லிப்போட்டன். புதன்கிழமை வாங்கோ."

"புதன்கிழமை அப்போதிக்கரி ஐயா வரமாட்டாரே?" என்றேன்.

"அதெல்லாம் பிறகு பாப்பம். நீர் வரவேற்புப் பத்திரத்தை எழுதும், பிள்ளை. நல்ல வடிவா இருக்க வேணும். கேக்கிறவை அசந்து போக வேணும்."

கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் நான் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். இது ஊர் முழுக்கத் தெரியும். (யார் சொன்னது? நான்தான்.) திங்கட்கிழமை காலையே உட்கார்ந்தேன். 'பசியும் பிணியும் அறியாத இப்பதிவாழ் மக்கள், தங்கள் வரவால் பேருவகை எய்தி...' — பேனா தானாக ஓடியது.

திங்கட்கிழமை பிலோவின் காய்ச்சல் நாள். பக்கத்தில் பாயில் அவள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். ஒரு கையால் அவள் நெற்றிக்கு ஈரத் துணி போட்டேன். மற்றக் கையால் 'பிணியும் அறியாத' என்று எழுதினேன். நம்புகிறீர்களா? அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. வரவேற்புப் பத்திரம் என்றால் அப்படித்தானே இருக்கும்? எனக்கு இருந்த ஒரே சந்தேகம், 'பேருவகை எய்தி'யா 'பேருவகை பூத்து'வா என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. டிஸ்பென்சரிக்குப் புதுச் சுண்ணாம்பு. வாசலில் ஓலைத் தோரணம். அங்கத்தவர் மெலிந்த உயரமான மனிதர். தடித்த மூக்குக் கண்ணாடி. கொழும்பில் வளர்ந்த தமிழர். நல்ல முகம். பிலோவுக்கு அன்று சுக நாள் அல்லவா? வெள்ளைச் சட்டையில் துள்ளிக்கொண்டு நின்றாள். பூவைக் கொடுக்கச் சொல்லித் தூக்கிக் காட்டினேன். பூவைக் கொடுக்கவில்லை, எட்டி அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல சுட்டிப் பிள்ளை!" என்று கன்னத்தைத் தட்டினார்.

டிஸ்பென்சரிக்குள் போனார். வாங்கு வெறுமை. மேசைக்குப் பின்னால் அப்போதிக்கரி ஐயா தனியாக, யாருமே பார்க்க வராத மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இன்றைக்கு நோயாளிகள் ஒருவரும் வரவில்லையா?"

"இல்லை ஐயா. இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்றார் விதானையார்.

பின்பக்கத்து வீட்டிலிருந்து ஓர் இருமல் கேட்டது. நல்ல நீளமான இருமல். விதானையார் அதைவிடப் பெரிதாக இருமினார்.

"சுண்ணாம்புத் தூசி ஐயா. தூசி."

பத்திரத்தைப் பள்ளிக்கூட வாத்தியார் வாசித்தார். என் எழுத்தை ஊர் முழுக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அங்கத்தவர் எழும்பிப் பதில் பேசினார்.

"நான் வந்த பாதையில் இவ்வளவு சுகமான ஊரைக் காணவில்லை. உங்கள் பத்திரமே அதற்குச் சாட்சி. இங்கே வருகிற அப்போதிக்கரியை, நோய் அதிகமாக உள்ள வேறோர் ஊருக்கு அனுப்பினால் அந்த மக்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்! நான் கமிட்டிக்கு அப்படியே எழுதுவேன். உங்களுக்கு என் வாழ்த்துகள்."

நாங்கள் கை தட்டினோம்.

ஆமாம், தட்டினோம். நானும் தட்டினேன். மாலை போட்டவர் பேசினால் முடிவில் தட்டுவதுதானே வழக்கம்? என்ன சொன்னார் என்பது உள்ளே இறங்க, அவருடைய கார் தலைமன்னார்ப் பக்கம் திரும்பிப் போகிற அளவு நேரம் எடுத்தது.

அப்போதிக்கரி ஐயா பச்சைப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். "நல்லாத் தட்டினியள்" என்றார். "நான் வாயைத் திறந்திருக்க வேணும். விதானையாரும் பத்திரமும் ஒண்டு சொல்லேக்க, அரசாங்கச் சம்பளம் வாங்கிற நான் இன்னொண்டைச் சொல்லிறதோ எண்டு யோசிச்சன். யோசிச்சு முடிய அவர் காரில ஏறிட்டார்."

அவரை நான் எப்படிக் குறை சொல்வது? என் வாழ்க்கையே அப்படித்தான் போகிறது.

வீட்டு வாசலில் ரஹீமா ராத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ட மனிசன் பின் அறையில வாய்க்குள்ள துணியை வச்சுக்கொண்டு கிடந்தவர், இருமல் கேக்கப்படாதெண்டு. அதுக்கும் மிஞ்சித்தான் அந்த ஒரு இருமல் வந்தது. நீ என்ன தங்கச்சி எழுதினாய் அந்தக் கடுதாசியில?"

"பசியும் பிணியும் அறியாத..."

"பிணியெண்டா?"

"வருத்தம், ராத்தா."

"அப்ப வருத்தம் இல்லையெண்டு எழுதினாய்."

"ஓம்."

"பிள்ளை பக்கத்தில நடுங்க நடுங்க."

"...ஓம்."

ராத்தா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிலோவின் கன்னத்தைத் தடவினார். பிறகு, "அந்த ஆள் நாளைக்கு எதில திரும்பிப் போறார்?" என்று கேட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் இந்தக் கேள்விக்கா பதில் இல்லை? தலைமன்னாரிலிருந்து மன்னார் போகிற காலை ரயிலில்தான் அவருக்கு இடம் போட்டிருந்தது. பத்தரைக்கு எங்கள் ஸ்டேஷனுக்கு வரும்.

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிசம்" என்றார். "இஞ்சரும், முதலே சொல்லிப்போட்டன். ரெண்டெண்டா ரெண்டு. மூண்டாவது நிமிசத்துக்கு நான் எழுத்தில பதில் சொல்ல வேணும்."

"ரெண்டு நிமிசம் காணும் மாஸ்டர்" என்றார் ராத்தா. "நாங்க பேச வரேல்ல. போத்தலைக் காட்டத்தான் வாறம்."

புதன்கிழமை. பிலோவின் காய்ச்சல் நாள்.

இனித்தான் என் கேள்வி.

ஒன்பதரைக்கு எழும்பி ஒரு வாழைப்பழம் சாப்பிட்டாள். முற்றத்தில் கோழியைத் துரத்தினாள். பத்து மணி. உதடு சிவப்பாகத்தான் இருந்தது. பத்து ஐந்து. நெற்றியைத் தொட்டேன் — தண்ணீர் போல இருந்தது. மூன்று தரம் தொட்டேன். வேலிக்கு அப்பால் பெண்கள் போத்தல்களோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சந்தோஷம் வந்தது என்றுதான் எழுத ஆசை. சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே, வாசல் கதவை மூட முன்னம் நுழைகிற கோழி மாதிரி, இன்னொரு நினைப்பும் நுழைந்தது. 'இன்றைக்கென்று பார்த்தா வராமல் இருக்க வேண்டும்?'

உடனே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். ஆனால் நினைத்தது நினைத்ததுதானே? போட்ட பிறகும் மணிக்கூட்டைப் பார்த்தேன். அது எதற்காக? பிலோவுக்காகவா, ஊருக்காகவா, என் பத்திரத்து வரியைத் திருத்துவதற்காகவா?

பத்து பன்னிரண்டுக்கு உதடு வெளுத்தது. ஓடி வந்து என் சீலைக்குள் முகத்தைப் புதைத்தாள். அதற்குப் பிறகு எனக்கு ஊரும் இல்லை, பட்டியலும் இல்லை. போர்வையைத் தேடினேன். கொண்டு போவதா, விடுவதா? விடுவதென்றால் யாரிடம்? அயல் முழுக்க பிளாட்போமில் நிற்கிறது. கொண்டு போனால் வெயில், புகை, சத்தம். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பிளாட்போமுக்கு நாற்பது அடி. அந்த நாற்பது அடியை நான் மனசுக்குள் எத்தனை தரம் போய் எத்தனை தரம் திரும்பினேன்!

கடைசியில் ஆணியில் தொங்கிய இவருடைய தடித்த ஸ்டேஷன் கோட்டை எடுத்துச் சுற்றினேன். பித்தளைப் பொத்தான்களுக்கு நடுவில் பிலோவின் மூக்கு மட்டும் தெரிந்தது. போனேன்.

பிளாட்போமில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கையில் வெறும் போத்தல். பன்னீர்ப் போத்தல், எண்ணெய்ப் போத்தல், எலுமிச்சைச் சாற்றுப் போத்தல். வெயிலில் எல்லாம் பளபளத்தன. முன்னால் விதானையார் வழியனுப்பு மாலையோடு நின்றார்.

"என்ன பிள்ளை இது? என்ன கூத்து இது? பெரிய மனிசர் போகேக்க வெறும் போத்தலோட நிக்கிறதே? சகுனம்..."

ரயில் வந்துவிட்டது.

அங்கத்தவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். மாலையைக் கண்டு கழுத்தை நீட்டினார். பிறகு போத்தல்களைக் கண்டார். முகம் மலர்ந்தது.

"என்ன விற்கிறீர்கள்? தேனா?"

"விக்கேல்ல ஐயா" என்றார் ரஹீமா ராத்தா. "வாங்க வந்தனாங்கள்."

அவருக்கு விளங்கவில்லை. ராத்தா போத்தலைத் திருப்பி முதுகைக் காட்டினார்.

"இது மருந்துப் போத்தல். நேத்து இதைக் கொண்டு டிஸ்பென்சரிக்கு வரக்கூடாதெண்டாங்க. ஐயா கேட்ட இருமல் என்ட மனிசன்ட இருமல். தூசியில்ல."

விதானையார் மாலையைத் தூக்கிப் பிடித்தபடி சிலையாக நின்றார். அங்கத்தவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் அவருடைய கண் பித்தளைப் பொத்தான்களில் நின்றது.

"நேற்று என் கண்ணாடியைப் பிடுங்கிய பிள்ளை அல்லவா?"

எனக்குக் கன்னியர் மடத்துத் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னலால் பிலோவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பிலோ பார்த்தாள். கையை நீட்டவில்லை. பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. கண்ணை மூடி என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள மறந்து, கையில் பிடித்தபடியே இருந்தார்.

"அந்தப் பத்திரத்தை எழுதியது யார்?"

"நான்தான் ஐயா."

"ஏன் அம்மா?"

"வந்தவருக்கு... மரியாதையாக..." என்றேன். அழுகை வந்துவிட்டது.

ஒரு நிமிஷம் போய்விட்டது. அவர் தோல் பையிலிருந்து என் பத்திரத்தை எடுத்து ஜன்னலால் நீட்டினார். கூடவே ஒரு பென்சில். பிலோவை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு, ராத்தாவின் முதுகை மேசையாக வைத்து, அந்த வரியை அடித்தேன். மேலே எழுதினேன்: 'முறைக் காய்ச்சல் உண்டு. இருமல் உண்டு. கொயினா இல்லை.' எழுத்து கோணல் மாணல். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறிய கட்டுரை அதுதான்.

"ஐயா, அந்தச் சட்டம் எண்டு சொல்லுறாங்களே" என்று ராத்தா குனிந்தபடியே பேசினார். நிமிர்ந்ததும் போத்தலைத் தூக்கி, காகிதத் துண்டின் அடிப் பல்லில் விரலை வைத்தார். "நிறைச்சுத் தரச் சொல்லி நாங்க கேக்கேல்ல. நல்ல வருசம் நிறையும், கெட்ட வருசம் குறையும். அது விளங்குது. ஆனா இந்தக் கடைசிப் பல்லுக்குக் கீழ இறங்கக்கூடாது. அதுதானே சட்டம்? அதை எழுதிப்போடுங்கோ."

கொழும்பில் எத்தனையோ பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசிய சட்டத்தை எனக்கு விளங்கும்படி சொன்னது அந்த ஒரு விரல்தான். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"இந்தப் போத்தலை நான் கொண்டுபோகலாமா?" என்றார்.

ராத்தா யோசித்தார். "வீட்டில இருக்கிறது இது ஒண்டுதான். திருப்பித் தாறதெண்டா கொண்டுபோங்கோ. நிறைச்சுத் தந்தா இன்னும் நல்லம்."

இரண்டு நிமிஷம் முடிந்தது. கார்ட் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்தார். இவர் பச்சைக் கொடியைத் தேடினார். சட்டைப் பையில் பார்த்தார். உள்ளே போய் மேசைக்குக் கீழே பார்த்தார். கல்யாணம் முடித்து மூன்று வருஷத்தில் முகம் துடைக்கிற கைலேஞ்சியைக்கூடத் தொலைக்காத மனிதர்! தேடித் தேடிக் கடைசியில் அது அவருடைய கக்கத்துக்குள்ளேயே இருந்தது. அது மறதியா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

அந்த இடைவெளியில் இன்னொன்றும் நடந்தது. விதானையார் மாலையை ஜன்னலுக்குள் போட்டுவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து, சால்வைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தார். லேபல் சுரண்டிய அதே போத்தல்!

"என்ட பெண்சாதிக்கும் நாலு நாளா நடுக்கம், ஐயா" என்றார் மெல்ல.

"சால்வைக்குள்ள எப்ப இருந்து வச்சிருக்கிறீங்க விதானையார்?" என்று ராத்தா கேட்டார்.

"நேத்தையில இருந்து" என்றார் அவர்.

பிளாட்போம் முழுக்கச் சிரிப்பு. அங்கத்தவரும் சிரித்தார். ரயில் நகர்ந்தது. பன்னீர்ப் போத்தல் ஜன்னலோரம் ஆடிக்கொண்டே மன்னாருக்குப் போனது. நான் பிலோவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பாயில் கிடத்தினேன். அன்றைக்கு அவளுக்கு வேர்க்க வழக்கத்தை விட ஒரு மணித்தியாலம் கூடப் பிடித்தது. வெயிலில் கொண்டுபோனதாலா? அப்போதிக்கரி ஐயா இல்லை என்கிறார். அவர் நல்லவர், என் மனசைத் தேற்றுவதற்காகவும் சொல்லுவார்.

வாசலுக்கு வந்த விதானையார் சொன்னார்: "பிள்ளை, அடுத்த முறை எழுதேக்க, கொஞ்சம் வருத்தத்தையும் சேர்த்து எழுதும்."

யோசித்துப் பார்த்தால், அரசாங்கம் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரித்தான். எப்போதாவது வந்து "சுகமோ?" என்று கேட்கும். நாங்கள் "நல்ல சுகம்" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, மாலை போட்டு அனுப்பிவிடுவோம். பிறகு, "ஒரு உதவியும் இல்லையே" என்று வேலியோடு வேலியாக நின்று குறை பேசுவோம். சொல்லாத வருத்தத்துக்கு யார் மருந்து அனுப்புவது? சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அது எனக்குக் கட்டுரைப் பரிசோடு கிடைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பச்சைப் பெட்டியில் கொயினா வந்தது. ஒரு தந்தி போயிருக்க வேண்டும் என்றார் அப்போதிக்கரி ஐயா. வாங்கில் இடம் இல்லை. விதானையார் நின்றுகொண்டுதான் மருந்து வாங்கினார். ராத்தாவுக்குப் போத்தல் இல்லாததால் என்னுடையதைக் கொடுத்தேன். நான் சாடிக்குள் வாங்கினேன்.

அங்கத்தவர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கமிட்டிக்கு எழுதிவிட்டாராம். சட்டம் இன்னும் சபையில் ஏறவில்லை. வரப்போகிற வருஷத்துப் பணத்துக்கு இன்றைக்கே எப்படிக் கட்டுப்பாடு போடுவது என்று சிலர் கேட்கிறார்களாம். வரப்போகிற வருஷத்துக் காய்ச்சலுக்கு 'வராதே' என்று கட்டுப்பாடு போட முடிந்தால் நாங்களும் ஒத்துக்கொள்கிறோம் என்று எழுத நினைத்தேன். எழுதி, அடித்து, மறுபடியும் எழுதி அனுப்பிவிட்டேன். போத்தல் அவருடைய மேசையில் பத்திரமாக இருக்கிறதாம். "நிறைஞ்சிருக்கோ எண்டு கேள்" என்கிறார் ராத்தா.

பிலோ சுகமாக இருக்கிறாள். இரண்டு கிழமையாக ஒரு பத்து மணிக்கும் உதடு வெளுக்கவில்லை. கோழிக்குத்தான் பாடு.

எனக்கு மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து மணிக்கு, கை தானாக அவள் நெற்றிக்குப் போகிறது. அந்தப் புதன்கிழமை பத்து ஐந்துக்கு நுழைந்த நினைப்பும் கூடவே வருகிறது. அது தாய் நினைக்கக் கூடிய நினைப்பா? அவளைத் தூக்கிக்கொண்டு போனது சரியா? வேறு வழி இருந்ததா? பிள்ளை வளர்த்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

சரி என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிழை என்று எழுதுகிறவர்கள்... நீங்களும் எழுதத்தான் வேண்டும். ஆனால் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைக்கும்படி அனுப்புங்கள். அன்றைக்கு அப்போதிக்கரி ஐயா ஊரில் இருப்பார்.